சந்தேகத்தின் பேரில்

மூன்றாவது இருக்கையின் கடைசி போல்ட் மட்டும் அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்னவள் ஸ்பேனரை மாட்டி, ஒரு காலை வண்டியின் பக்கச்சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கை வழுக்கி, விரல்கள் தகரத்தில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அது. ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் பென்சில் துண்டு, பிஸ்கட் தூள், யாரோ சப்பிவிட்டு ஒட்டிவைத்த மிட்டாய். எல்லாவற்றையும் கூட்டி அள்ளிய பிறகுதான் அப்பாவின் பெட்டியை ஏற்ற வேண்டும்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, அழுகைக்கு நடுவிலும் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். செத்தவருக்கு அக்கா. தம்பி போன துக்கம் ஒரு பக்கம், தம்பி மகள் செய்கிற கூத்து ஒரு பக்கம் என்று அவளுக்கு இரட்டை வேலை.

"ஏண்டி, கண்ணாடி வெச்ச வண்டி வாடகைக்குக் கிடைக்குது. என் தம்பியைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க வண்டியிலயா ஏத்துவ?"

"ரெண்டு வருஷமா இதுலதான அத்தை போனாரு வந்தாரு."

"அப்ப உயிரோட போனான்டி."

"அப்பவும் நான்தான் ஓட்டினேன். இப்பவும் நான்தான் ஓட்டுவேன்."

அத்தை மூக்கைச் சிந்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்றிலிருந்து எல்லோரும் கேட்கிற அதே கேள்விக்கு வந்தாள். "கடைசியா என்ன சொன்னான்?"

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வந்து பார்த்துவிட்டுப் போன டாக்டர்கூடக் கேட்டார். செத்துப்போனவர் ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போன மாதிரியும், அதை இவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற மாதிரியும் ஆளாளுக்குத் துருவினார்கள்.

"தண்ணி கேட்டாரு" என்றாள் சின்னவள்.

"பெரியவனைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

அத்தை நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். அப்பா தண்ணீர் கேட்கவே இல்லை. அவர் கேட்டது வேறு. பெரியவனைப் பற்றித்தான் கேட்டார்.

நேற்று மத்தியானம், காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து சாயங்காலம் திரும்பக் கூட்டிவரப் போவதற்கு முந்தைய ஓய்வு நேரத்தில், சின்னவள் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சில மாதங்களுக்கு முன் படுத்த படுக்கையானதிலிருந்து அவருக்குக் குளிப்பாட்டல், ஊட்டல், நகம், முடி எல்லாம் இவள் கைதான். இடது கையை முடித்துவிட்டு வலது கையை எடுத்து மடியில் வைத்தபோது அவர் கண்ணைத் திறந்தார். மேற்கூரையைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிய மகன் படத்தைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தார்.

"நீ என்ன நினைக்கிற?" என்றார். "அவன் செஞ்சிருப்பானா?"

சின்னவளுக்குக் கையிலிருந்த நகவெட்டி அப்படியே நின்றுவிட்டது. நீ என்ன நினைக்கிறாய் என்று அப்பா இவளிடம் எதையும் கேட்டதில்லை. இவள் படிப்புக்குக் கேட்கவில்லை, வேலைக்குக் கேட்கவில்லை, இவளைப் பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனவர்கள் விஷயத்திலும் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார். அதுவும் இதை.

"இருங்கப்பா, வெந்நீர் வெச்சிருக்கேன். எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள். வெந்நீர் எப்போதோ கொதித்துவிட்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். என்ன பதில் சொல்வது என்று தெரியாததால் மட்டும் நிற்கவில்லை. உலகத்துக்கெல்லாம் மகனுக்காக வக்காலத்து வாங்கிய மனுஷன், உள்ளுக்குள் இருந்த சந்தேகத்தைத் தன்னிடம் மட்டும் அவிழ்த்துவிட்டார் என்பதை ருசி பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்றுகூட இருந்தது. நாம் எவ்வளவு காத்திருந்தோம். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். வலது கை, இவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது.

அண்ணன், அந்தப் பெரியவன், ஜெயிலுக்குள்ளே இருந்தான். பிளாஸ்டிக் சாமான் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்தவன். கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. உள்ளே படுத்திருந்த சுமை தூக்குகிறவர் ஒருவர் செத்துப்போனார். காப்பீட்டுக்காக முதலாளி சொல்லி, இவன்தான் கொளுத்தினான் என்பது வழக்கு. முதலாளி ஜாமீனில் வெளியே வந்து காலையில் நடைப்பயிற்சி போகிறார். இவனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணை இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனது.

அவனைப் பிடித்த மறுநாள் பேப்பரில் 'கிடங்குக் கொலையாளி சிக்கினான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பா ஆயுள் முழுக்க மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். சீசாவில் தப்பான லேபிளை ஒட்டினால் ஆளே போய்விடுவான் என்பதுதான் அவர் படித்த படிப்பு. பேப்பரை மடித்து இடுக்கிக்கொண்டு, "வண்டியை எடு" என்றார். நேராகப் பத்திரிகை ஆபீஸ்.

"தீர்ப்பு ஆச்சா?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவரைக் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்புறம் எப்படிக் கொலையாளி? சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்னு போடுங்க."

"ஐயா, அவ்வளவு நீளத்துக்குத் தலைப்புல இடம் பத்தாது."

"எழுத்தைச் சின்னதாக்குங்க."

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்தார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. வண்டியில் திரும்பும்போது, தனக்காக இந்த மனுஷன் எந்த ஆபீஸ் படியாவது ஏறியிருக்கிறாரா என்று யோசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அதிலிருந்து வீட்டில் அதே பாடம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாய் தவறிக் 'கைதி' என்றால், "விசாரணைக் கைதி. அதுவும் அதிகாரிங்க பேச்சு. நீங்க விசாரணையில இருக்காருன்னு சொல்லுங்க" என்பார். ஒரு சொந்தக்காரர் 'குற்றவாளி' என்றதற்குச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தே போனார். வக்கீல் தன் தாள்களைப் பார்த்து, "மூணாவது எதிரி நம்ம ஆளு" என்று படித்தபோது, "எதிரியா? யாருக்கு எதிரி? அந்தப் பிள்ளை கொசுவைக்கூட யோசிச்சுத்தான் அடிக்கும்" என்று சண்டைக்குப் போனார். அது சட்டத்தில் அப்படித்தான், குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவார்கள் என்று வக்கீல் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லியும் கேட்கவில்லை. அத்தை பாவம், எதற்கு வம்பு என்று "பெரியவன் வெளியூர்ல இருக்கான்" என்று ஒருத்தரிடம் சொல்லிவைத்தாள். அதற்கும் திட்டு. பொய்யான லேபிளும் ஒட்டக்கூடாதாம்.

அவனுக்கு மட்டும் எத்தனை சொல். ஒவ்வொன்றையும் எடுத்து, தூசி தட்டி, அளவு பார்த்து வைத்தார். சின்னவளுக்கு ஒன்றுகூட இல்லை. இது யார் என்று யாராவது கேட்டால், "வண்டி ஓட்டுது" என்பார். வீட்டில் இருப்பது இவள் ஒருத்திதான்; ஆனாலும் உள்ளறையிலிருந்து அவர் குரல் கொடுக்கும்போது, "யாராவது இருக்கீங்களா?" என்றுதான் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் இவள் ஈரக் கையோடு போய் நிற்பாள். போகும்போதே வயிறு எரியும்.

சிறைக்குப் பார்க்கப் போகிற நாட்களில் அப்பாவுக்கு விடியும் முன்பே தூக்கம் போய்விடும். சட்டையை இவள் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அங்கே வாசலில் வண்டியை நிறுத்தியதும், "ஒருத்தருக்குத்தான் அனுமதி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். சின்னவள் வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். அவர் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "என்னத்தைப் பேச" என்பார். ஒருநாள் வாசல் காவலர் இவளைப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு பேர் போகலாமே. நீங்க ஏன் வெளியவே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். சின்னவள் அதை அப்பாவிடம் கேட்கவில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை இறக்கி ஏற்றினாள். "பார்த்துப் போ" என்று மட்டும் அவர் சொன்னார்.

ஒருவழியாகப் போல்ட் கழன்றது. இருக்கையைத் தூக்கிச் சுவரோரமாகச் சாய்த்தபோது தெருமுனையில் போலீஸ் ஜீப் திரும்பியது.

வாசலில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து அந்தப் பக்கம் போயிற்று. பெட்டியில் படுத்திருந்தவர் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. காலையிலிருந்து இப்படித்தான். மகன் வரட்டும், மகன் வரட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது காத்திருந்தது போதாதென்று செத்த பிறகும் அவனுக்காகக் காத்திருக்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் நினைப்பு போகவில்லை.

முதலில் மீசை வைத்த பெரிய போலீஸ்காரர் இறங்கினார். அடுத்து ஒரு இளம் போலீஸ். அவன் கையோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டுப் பெரியவன். இளைத்துப்போய்த்தான் இருந்தான். ஆனால் தலை வாரியிருந்தது, சட்டை சுத்தமாக இருந்தது. அத்தை, "என் தங்கமே, உன்னைப் பார்க்காமலே போயிட்டானே" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கட்டிக்கொண்டதில் இளம் போலீஸும் பாதி உள்ளே மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தான். முன்பின் அவனோடு பேசாதவர்கள்கூட வந்து தோளைத் தொட்டார்கள். முந்தாநாள் வரை இந்தத் தெருவில் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லாதவர்கள்.

மீசைக்காரர் போனை எடுத்து மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். "கைதியைக் கொண்டாந்தாச்சுங்க."

நாலைந்து பேருடைய தலை தன்னால் வீட்டுக்குள்ளே, பெட்டிப் பக்கம் திரும்பியது. திருத்துவதற்கு ஆள் இல்லை. விசாரணையில் இருக்கிறவர் என்று சொல்லச் சின்னவளுக்கும் நுனி நாக்குவரை வந்துவிட்டது. இரண்டு வருடப் பழக்கம். அவனுக்காக நான் வேறு பேச வேண்டுமா என்று விழுங்கினாள்.

பெரியவன் உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். சங்கிலியின் அந்த முனைக்காரனும் மண்டியிட வேண்டியதாயிற்று. அவன் சத்தம் போட்டு அழவில்லை. அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"சின்னு, ஒரு கையில மட்டும் நகம் வெட்டியிருக்கு?"

"மீதிக்கு நேரமில்ல."

"நகவெட்டி குடு. நான் வெட்டிடறேன்."

"வேண்டாம்."

"இப்படியேவா அனுப்பறது? குடு."

"வேண்டாம்னா வேண்டாம். அது என் வேலை."

அறையில் எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். "பெத்த அப்பனுக்கு ஒரு நகம் வெட்டக்கூட அவனுக்குக் குடுத்துவைக்கலையா?" என்றாள் அத்தை. "நீதான் அத்தனை நாளும் கூட இருந்தியே, இதையாவது விடேன்." கூட இருந்தாயே என்றால், ஏதோ உல்லாசமாக இருந்தது மாதிரி. சின்னவள் அப்பாவின் வலது கையை அவனிடமிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். அவளும் வெட்டவில்லை. அந்தக் கையில் வேறு யாரும் எதுவும் செய்வதை அவள் விடுவதாக இல்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றியபோது பெரியவனும் ஒரு மூலையைப் பிடித்தான். பிணைத்த கை என்பதால் இளம் போலீஸும் பிடிக்கும்படி ஆயிற்று. முன்பின் தெரியாத மனுஷனைச் சுமந்துகொண்டு அவன் பல்லைக் கடித்தபடி நாலு படி இறங்கினான். சின்னவளை யாரும் கூப்பிடவில்லை. பரவாயில்லை என்று அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இனி இடுகாடு வரை அப்பாவும் இவளும்தான். மற்றவர்களுக்கு வேறு வண்டிகள் இருந்தன. போலீஸ் பாதுகாப்பில் வந்தவன் போலீஸ் வண்டியில்தான் போக வேண்டும் என்று மீசைக்காரர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்தே சின்னவளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவன் ஜீப்புக்குப் போகவில்லை. வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சார், அப்பாகூட வந்துடறேன். இனி அவர்கூட இன்னொரு தடவை வர முடியாது சார்."

மீசைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். கெட்டவர் இல்லை. இருட்டுவதற்குள் ஆளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்ற கவலைதான். "வண்டி ஓட்டறது யாரு?" என்று கேட்டுக்கொண்டே முன்பக்கம் வந்தார். "ஏம்மா, கைதியும் என் ஆளும் பின்னாடி ஏறிக்கட்டுமா? நான் ஜீப்புல ஒட்டினாப்பல வரேன். உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி."

வாழ்க்கையில் யாரும் எதற்கும் இவளைக் கேட்டதில்லை. இந்த இரண்டு நாளில் இது இரண்டாவது.

"இடமில்ல" என்றாள் சின்னவள்.

எல்லோரும் குனிந்து வேனுக்குள் பார்த்தார்கள். இருக்கை அத்தனையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு பெட்டி மட்டும். அத்தைக்குத் தாங்கவில்லை. "உள்ள ஒரு குடித்தனமே நடத்தலாம்டி! நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

பெரியவன் கண்ணாடியில் இவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏறச் சொல்லுங்க" என்றாள்.

வண்டி நகர்ந்தது. பெட்டியின் தலைமாட்டில் பெரியவன் தரையில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இளம் போலீஸ், முழங்காலைக் கட்டிக்கொண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிய பூனைப் படங்களைப் பார்த்தபடி வந்தான். வண்டி கடைத்தெருவைத் தாண்டியது.

"சின்னு."

"ம்."

"நகம் வெட்டிக்கிட்டு இருக்கும்போதா போனாரு?"

"நடுவுல தண்ணி எடுக்கப் போனேன். வரதுக்குள்ள."

"அப்ப அதுக்கு முன்னாடி பேசிக்கிட்டுத்தான இருந்தாரு?"

சின்னவள் கியரை மாற்றினாள். எதிரில் வந்த லாரிக்கு வழி விட்டாள். பதில் வாய்க்குள் தயாராக இருந்தது. உனக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாரே, அவர் கடைசியாக உன்னைத்தான் சந்தேகப்பட்டார். என்னிடம்தான் கேட்டார், நீ செய்திருப்பாயா என்று. இரண்டு வருடம் வெயிலில் உட்கார்ந்திருந்ததற்கும், எத்தனையோ வருடம் 'யாராவது' என்று இருந்ததற்கும் ஒரே மூச்சில் கணக்குத் தீர்ந்துவிடும். அவன் முகம் எப்படி ஆகும் என்று கண்ணாடியில் நன்றாகப் பார்க்கலாம்.

வாயைத் திறப்பதற்குள் அவன் பேசினான்.

"என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல, சின்னு."

"என்ன கேக்கல?"

"செஞ்சியாடான்னு."

இளம் போலீஸ் முகத்தை ஜன்னல் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டான்.

"வந்து உக்காருவாரு. கொசு கடிக்குதா, மாத்திரை ஒழுங்கா தராங்களா, ராத்திரி தூக்கம் வருதா, பல்லு வலி எப்படி இருக்கு. எல்லாம் கேப்பாரு. அதை மட்டும் கேக்கமாட்டாரு. உள்ள கூட இருக்கற ஆளுங்க எல்லாரும் என்னைப் பொறாமையா பார்ப்பாங்க. உங்கப்பனுக்கு உன் மேல எவ்வளவு நம்பிக்கைன்னு. நம்பிக்கையா, பயமான்னு எனக்குத்தான தெரியும்." அவன் பிணைக்காத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒவ்வொரு தடவையும், இன்னைக்குக் கேப்பாரு, கேட்டா சொல்லிடணும்னு உக்காந்திருப்பேன். வக்கீல்கிட்ட சொல்றது வேற. கோர்ட்டுல சொல்றது வேற. கேக்க வேண்டியவங்க கேட்டு, சொல்லணும்னு இருந்துச்சு. நானா எப்படிச் சொல்றது? அவரு கேக்காம நான் ஆரம்பிச்சா, எது சொன்னாலும் பொய் மாதிரி ஆயிடும்ல?"

சின்னவள் வேகத்தடையில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினாள்.

"உன்கிட்டயாவது கேட்டாரா? அவன் செஞ்சிருப்பானான்னு? ஒரு வார்த்தை?"

பிறந்ததிலிருந்து அவனிடம் இருந்ததையெல்லாம் பார்த்து இவள் வயிறெரிந்தாள். அவன் பார்த்து வயிறெரிய இவளிடம் ஒன்று இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு வராத கேள்வி இவளிடம் வந்திருக்கிறது. அதை எடுத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. கேட்டார், என்னிடம் கேட்டார், உன்னிடம் கேட்காததை என்னிடம் கேட்டார். எவ்வளவு இனிப்பாக இருக்கும் சொல்வதற்கு.

ஆனால் சொன்னால் அவன் இங்கேயே பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதிலை இரண்டு வருடமாக அவன் வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் காதருகில் குனிந்து சொல்லுவான். கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அது அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நடந்த பேச்சு. இவள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். மறுபடியும் வண்டி ஓட்டினவள்தான்.

செய்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள இவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஆசை பெரிதா இது பெரிதா என்று பார்த்தாள். இதுதான் பெரிதாக இருந்தது.

"என்கிட்டயும் கேக்கல" என்றாள்.

"கேக்கலையா."

"உன் பேரைச் சொன்னாரு. ரெண்டு தடவை. வேற ஒண்ணும் பேசல."

"தண்ணி கேட்டாருன்னு அத்தை சொன்னாங்களே?"

"அத்தைகிட்ட எதுக்குச் சொல்லணும்னு அப்படிச் சொன்னேன். உன் பேரைத்தான் சொன்னாரு."

பெரியவன் பெட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்தான். அவனுக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று பார்க்க இவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தோள் குலுங்குகிற சத்தம் சங்கிலியில் கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் இந்தச் சேதி அத்தைக்குப் போய்விடும்; நாளைக்குத் தெரு முழுக்க, கடைசி மூச்சில் மகன் பெயரைச் சொல்லித்தான் போனார் என்று பேசுவார்கள். இவள் எதிரிலேயே பேசுவார்கள். சின்னவள் அதற்குத் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டுவாள். ஊருக்கு அது போதும். அவன்மேல் பாவமாகவும் இருந்தது. கேள்வி பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை.

இளம் போலீஸ் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, யாரைப் பார்த்தும் நீட்டாமல் நடுவில் வைத்தான். பெரியவன் எடுத்துக்கொண்டான்.

இடுகாட்டின் உள்பாதை குறுகல். இரண்டு பக்கமும் கல்லறைகள், ஒரு குழாயடி, கிளை தாழ்ந்த ஒரு மரம். தோண்டிய குழி கடைசியில் இருந்தது. வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே எடுத்துப் போக வேண்டும். இதைவிடக் குறுகலான சந்துகளில் இருபது பிள்ளைகள் கத்தும்போதே சின்னவள் பின்னால் எடுத்திருக்கிறாள். இரண்டு கண்ணாடியும் ஒரு கழுத்துத் திருப்பலும் போதும். யார் துணையும் வேண்டியதில்லை.

அவள் கியரைப் போடுவதற்குள் பின்கதவு திறந்தது. பெரியவன் இறங்கி, இளம் போலீஸை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். கூடவே சங்கிலியில் மாட்டிய இன்னொரு கையும் தூக்கிக்கொண்டது.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் வலது... ம், வரட்டும்."

அவன் சொன்ன வலது தப்பு. மரக்கிளை கூரையில் உரசும் என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியில் அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி, இந்த ஒன்றாவது அவன் வேலையாக இருக்கட்டும் என்று அவன் சொன்ன பக்கமே திருப்பினாள். கிளை கூரைமேல் கரகரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று.

"போதும், நிறுத்து" என்றான் பெரியவன்.

குழிக்கு இன்னும் ஒரு ஆள் நீளம் இருந்தது. சின்னவள் பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்தாள்.